பதினொரு வாரத்து மாத்திரை

செவ்வாய், காலை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். உன் நலத்தை உன் கையெழுத்திலேயே அறிய ஆவல்.

எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. பத்தொன்பது வருடமாக மருந்துக்கடையில் நான் எழுதியதெல்லாம் ‘காலை ஒன்று, இரவு ஒன்று, சாப்பாட்டுக்குப் பின்’ என்பதுதான். ஆனால் உன் ஆஸ்பத்திரியில் முதல் ஆறு வாரம் போன் கூடாது, கடிதம் எழுதலாம் என்று சொல்லிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பார்க்க வந்தால் நீ ஜன்னலைப் பார்க்கிறாய், நான் உன் தலைமுடியைப் பார்க்கிறேன், அதற்குள் மணி அடித்துவிடுகிறது. எழுத்திலாவது பேசுவோம் என்று உட்கார்ந்தேன்.

நம் கட்டடத்து லிஃப்ட் நேற்று மூன்றாம் மாடிக்கும் நாலாம் மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. உன் அப்பா ஊரில் உள்ள லிஃப்டையெல்லாம் பழுது பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால் இங்கே ஏழு மாடி ஏற வேண்டியிருந்தது. கீழ்வீட்டுக்காரர், “வைத்தியர் வீட்லயே சீக்காளி போல” என்று சிரித்தாராம். அப்பாவும் சிரித்தாராம். வீட்டுக்கு வந்த பிறகு சிரிக்கவில்லை.

மூன்றாம் மாடி டீச்சர் உன்னை விசாரித்தார். சித்தி வீட்டில் தங்கிப் படிக்கிறாய் என்று சொன்னேன். உன் பள்ளிக்கூடத்தில் மஞ்சள்காமாலை என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். டீச்சரின் பேத்தி உன் பள்ளிக்கூடம்தானே, அந்தப் பெண் நேற்று என்னைப் படியில் நிறுத்தி, “சித்தி வீட்டுக்குப் போயா ஆன்ட்டி காமாலை வந்துச்சு?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். நீ வந்த பிறகு யாராவது கேட்டால் அப்படியே சொல்லிவிடு.

உன் அறையைக் கூட்டித் துடைத்தேன். உன் மேசையில் இருந்த எதையும் இடம் மாற்றவில்லை.

வெள்ளிக்கிழமை உன் டாக்டரம்மா போன் செய்தார். பழைய மாத்திரை பதினொரு வாரம் போட்டும் உனக்குக் கேட்கவில்லை என்பதால் இந்த வாரம் கொஞ்சம் கனமான மருந்தாகத் தொடங்கலாம் என்றார். தூக்கமும் தள்ளாட்டமும் வரலாமாம், போகப்போகச் சரியாகுமாம். நான் சரி என்று சொல்லிவிட்டேன். பயப்படாதே. அவர்கள் சொல்கிறபடி கேள். வேளைக்குச் சாப்பிடு.

உன் நலம் நாடும்,
அம்மா


வியாழன், காலை

அன்பு மகளுக்கு,

இந்தக் கடிதம் உன் டாக்டரம்மா கையால் உனக்கு வரும். நீ படிக்கும்போது அவர் பக்கத்தில் இருப்பதாகச் சொல்லியிருக்கிறார். இல்லையென்றால் மடித்து வைத்துவிட்டு, அவர் வந்த பிறகு படி.

சுற்றி வளைத்தால் சொல்லாமலே முடித்துவிடுவேன். செவ்வாய்க்கிழமை அப்படித்தான் செய்தேன். பதினொரு வாரம் தினமும் காலையில் நான் உனக்குக் கொடுத்தது டாக்டர் எழுதிய மாத்திரை இல்லை. அது சத்து மாத்திரை. வெள்ளையாக, வட்டமாக, பார்க்க அதே மாதிரி இருக்கும். பிள்ளை பெற்ற பெண்களுக்கு எங்கள் கடையில் நான் தினமும் எடுத்துக் கொடுப்பது.

நீ மறுபடி படித்துப் பார்ப்பாய். படி. எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை.

உண்மையான மாத்திரையையும் வாங்கினேன். எங்கள் கடையில் வாங்கவில்லை. சீட்டில் உன் பெயர் இருக்கிறதே, என்னோடு வேலை செய்கிறவள் பார்த்துவிட்டால் சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும் என்று இரண்டு பஸ் மாறிப் போய், என்னை அறியாத கடை ஒன்றில் வாங்கினேன். அந்தக் கடைக்காரர் சீட்டைப் பார்த்துவிட்டு, “யாருக்கும்மா?” என்று கேட்டார். “பக்கத்து வீட்டுப் பொண்ணுக்கு” என்றேன். பெற்றவள் வாயால் அப்படி ஒரு சொல்.

வீட்டுக்கு வந்து அந்த அட்டைகளை என் பழைய கைப்பையில் போட்டு அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன். சத்து மாத்திரைகளைப் பிதுக்கி எடுத்து ஒரு சின்ன பாட்டிலில் நிரப்பினேன். அட்டையில் இல்லாமல் பாட்டிலில் ஏன் இருக்கிறது என்று நீ கேட்டாய். “எங்க கடைக்கு மொத்தமா இப்படித்தான் வரும்” என்றேன். மருந்து விஷயத்தில் அம்மா சொன்னால் நீ மறுபேச்சுப் பேசமாட்டாய். அது எனக்கு வசதியாகப் போயிற்று.

தினமும் நீ விழுங்கிய பிறகு, “வாயைத் திற” என்பேன். நாக்குக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறாயா என்று பார்ப்பேன். பதினாறு வயதுப் பெண், சின்னக் குழந்தை மாதிரி நாக்கைத் தூக்கிக் காட்டுவாய். ஏமாற்றுகிறவள் நான், சோதனை உனக்கு. இதை எழுதும்போது எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தேன்.

காரணம் சொல்கிறேன், சாக்காக எடுத்துக்கொள்ளாதே. நான் சிறுமியாக இருந்தபோது எனக்கு ஓர் அத்தை இருந்தாள். மனது சரியில்லை என்று அவளுக்கு மாத்திரை கொடுத்தார்கள். அவள் காலை இழுத்து இழுத்து நடப்பாள், வாயோரம் எச்சில் ஒழுகும். நாங்கள் பிள்ளைகள் அவளுக்கு ‘மாத்திரை’ என்றே பெயர் வைத்திருந்தோம். நானும் அவள் பின்னாலேயே நடந்து காட்டிச் சிரித்தவள்தான். விருந்தாளி வந்தால் அவளைப் பின்னறையில் வைத்துக் கதவைச் சாத்துவார்கள். உன் சீட்டை வாங்கிய அன்று எனக்கு அந்தக் கதவுதான் ஞாபகம் வந்தது.

அந்தக் காலத்து மருந்து வேறு, இப்போதுள்ளது வேறு என்று எனக்குத் தெரியாதா? கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்று எத்தனை பேருக்கு நானே சொல்லியிருக்கிறேன். “சர்க்கரைக்குப் போடுறதில்லையா, பிரஷருக்குப் போடுறதில்லையா, அது மாதிரிதான் இதுவும். வெட்கப்பட என்ன இருக்கு?” என்று சொல்லி, அவர்கள் நிம்மதியாகப் போவதைப் பார்த்துப் பெருமைப்பட்டிருக்கிறேன். ஊருக்குத்தான் உபதேசம்.

அதோடு உனக்கு வந்தது நோய் என்றே நான் ஒப்பவில்லை. ஒரு சிநேகிதி போய்விட்டாள், நாள் போனால் ஆறிவிடும் என்று நினைத்தேன். பள்ளிக்கூடத்தில் உங்கள் இரண்டு பேரையும் கொக்கும் நண்டும் என்பார்கள். அவள் தென்னை மாதிரி வளர்ந்து நின்றாள், நீ வளர மறந்துவிட்டாய். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே வேன், ஒரே பெஞ்சு. நாலே நாள் காய்ச்சலில் அவள் போனாள். அவள் போன ஐந்தாம் நாள் உன் போர்வையை இழுத்து, “கூடப் பொறந்தவளா அவ? பரீட்சையை வச்சுக்கிட்டு இப்படிப் படுத்துக் கிடக்கே” என்று கேட்டேன். நீ எழுந்து பல் தேய்க்கப் போனாய். கேட்டுவிட்டாளே, சொன்னதும் எழுந்துவிட்டாளே என்று நான் சந்தோஷப்பட்டேன். அதற்குப் பிறகு நீ என் முன்னால் அவளைப் பற்றிப் பேசியதே இல்லை.

ஏழாவது வாரம், உனக்கு முதலில் சீட்டு எழுதிய அந்த டாக்டர் மாத்திரையை இரண்டாக்கினார். நானும் இரண்டு சத்து மாத்திரை கொடுத்தேன். ஒன்பதாவது வாரம் ஒரு நாள், நான் டீ ஆற்றிக்கொண்டிருந்தபோது நீ சமையலறை வாசலில் வந்து நின்றாய். “ரெண்டு போட்டும் ஒண்ணுமே ஆகலம்மா. எல்லாருக்கும் கேக்குற மருந்து எனக்குக் கேக்கல. எனக்கு மருந்தே இல்லபோல” என்றாய். அழக்கூட இல்லை. பஸ் போய்விட்டது என்பது போலச் சொன்னாய்.

அப்போது சொல்லியிருக்கலாம். அடுப்புக்கும் அலமாரிக்கும் எட்டு அடி தூரம். ஆனால் அதற்குள் விஷயம் மாறியிருந்தது. முதல் நாள் நான் உன் நோய்க்கு வெட்கப்பட்டேன். அன்றைக்கு என் காரியத்துக்கு வெட்கப்பட்டேன். “இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போம், கண்ணு” என்று சொல்லி உன் கையில் டம்ளரைக் கொடுத்தேன்.

இரண்டு வாரம் கழித்துத்தான் நீ அப்பாவின் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு மொட்டைமாடியில் லிஃப்ட் இயந்திர அறைக்குப் போனாய். சாவி இல்லாததைப் பார்த்து அவர் ஓடியிராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்பதை எழுத என் கை வரவில்லை.

உன்னைச் சேர்த்த அன்று டாக்டரம்மா என்னைக் கேட்டார், மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டாளா என்று. “ஒரு நாள்கூட விடல டாக்டர். நானே என் கையால குடுத்தேன்” என்றேன். அவர் அதை எழுதிக்கொண்டார். பக்கத்தில் உன் அப்பா, “இவ மருந்துக்கடையில இருக்கா, இதுல எல்லாம் ரொம்பக் கண்டிப்பு” என்று எனக்கு நற்சான்று வேறு கொடுத்தார். தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று நினைத்திருப்பார்கள்.

இத்தனையும் செய்தவள் இன்றைக்கு ஏன் சொல்கிறாள் என்று கேட்பாய். செவ்வாய்க்கிழமை உனக்கு எழுதிய கடிதத்தைப் போட்டுவிட்டுக் கடைக்குப் போனேன். மதியம் ஓர் அப்பாவும் பெண்ணும் வந்தார்கள். உன் வயதுதான் இருக்கும். அவர் சீட்டை நாலாக மடித்துக் கையில் பொத்திக்கொண்டு, மற்றவர்கள் போகட்டும் என்று ஒதுங்கி நின்றார். பிறகு என் பக்கம் குனிந்து, “இதை வெளியில தெரியாத மாதிரி ஒரு கவர்ல போட்டுக் குடுத்துடுங்க” என்றார். பிரித்துப் பார்த்தேன். உனக்கு எழுதிய அதே மாத்திரை. நான் ஏதோ சொல்வதற்குள் அந்தப் பெண் முன்னால் வந்தாள். “எனக்குத்தான் ஆன்ட்டி. சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா? இத போட்டா சரியாயிடும்ல?” என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் வாய் நிறையப் பதில் உண்டு. அன்றைக்கு “பின்னாடி” என்று மட்டும் சொன்னேன். கவரில் எழுதும்போது ‘காலை’யில் துணைக்காலை விட்டுவிட்டு மறுபடி எழுதினேன்.

அவர்கள் போனதும் பின்னால் சரக்கறைக்குப் போய், பெட்டிகளுக்கு நடுவில் நின்றபடி உன் டாக்டரம்மாவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர், “நாளைக்கு அந்த மருந்தை ஆரம்பிக்கிறதா இருந்தோம். நிறுத்திடறேன்” என்றார். திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டவில்லை. அவளிடம் நீங்களே சொல்லிவிடுங்களேன் என்று கெஞ்சினேன். “இல்லம்மா. நீங்கதான் சொல்லணும். அவ படிக்கும்போது நான் கூட இருக்கேன்” என்றார்.

சாயங்காலம் அப்பாவிடம் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கை கழுவிவிட்டு வந்து, “எத்தனை வாரம்?” என்று கேட்டார். பதினொன்று என்றேன். அலமாரியின் மேலிருந்து அந்தக் கைப்பையை அவரே எடுத்து, ஒவ்வோர் அட்டையாகப் பிரித்துப் பார்த்தார். ஒன்றுகூடக் கிழிக்கப்படவில்லை. பையை மூடி வைத்துவிட்டு வெளியே போனார். லிஃப்ட் ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் ஏழு மாடியும் படியில் இறங்கிப் போனார். ஒரு மணி நேரம் கழித்து அதே மாதிரி ஏறி வந்தார். “அவகிட்ட சொல்லிட்டியா?” என்றார். இல்லை என்றேன். “முதல்ல அதைச் செய்” என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு தண்ணீர் வேண்டும், கதவைத் தாழ்ப்பாள் போடு என்பதைத் தவிர என்னோடு பேசவில்லை.

நேற்று ஒன்று மட்டும் சொன்னார். இயந்திர அறையிலிருந்து உன்னை அழைத்து வந்தபோது நீ அவரிடம், “எனக்குத்தான்ப்பா முதல்ல காய்ச்சல் வந்துச்சு. என் பக்கத்துல உட்கார்ந்துதான் அவளுக்கு ஒட்டிக்கிச்சு. கதையிலயும் நண்டுதானே கொக்கைக் கொன்னுது” என்றாயாம். அது அப்படி இல்லை என்று சொல்ல எனக்கு ஆசை. ஆனால் நிச்சயமாகத் தெரியாது. தெரிந்தது போல உன்னிடம் இனி ஒன்றும் சொல்வதாக இல்லை. தெரிந்த ஒருவர் இருக்கிறார். அவர் முகத்தில் விழிக்க எனக்குத் தைரியம் வர வேண்டும்.

மன்னித்துவிடு என்று எழுதப் போவதில்லை. நீ இளகின மனசுக்காரி, கேட்டால் கொடுத்துவிடுவாய். ஒன்றை மட்டும் நம்பு. உனக்கு மருந்து கேட்கவில்லை என்பது பொய். மருந்து உன் வாய்க்கே வரவில்லை. வழியில் மறித்தவள் நான்.

தலைகுனிந்து,
அம்மா


அடுத்த வாரம் சனி, மாலை
(அப்பா கையில் கொடுத்தனுப்புவது)

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் வந்தது. நாலே வரி. மனப்பாடம் ஆகிவிட்டது. இந்த ஞாயிறு நான் வர வேண்டாம், அப்பா மட்டும் வரட்டும் என்று எழுதியிருக்கிறாய். வரமாட்டேன். வாசல்வரை வந்து பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருக்கலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தேன். அதுவும் உன்னை நெருக்குவதுதான். வீட்டிலேயே இருக்கிறேன். எப்போது வரலாம் என்று நீ சொல்லும்வரை கேட்கவும் மாட்டேன்.

கடைசி வரியில் ஒரு கேள்வி கேட்டிருக்கிறாய்: ‘அப்போ அந்த மாத்திரை எனக்குக் கேட்கலாமா?’ இதற்குப் பதில் சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை என்பதால் டாக்டரம்மாவைக் கேட்டு, அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். கேட்கலாம். நாலு வாரம், ஆறு வாரம் பொறுக்க வேண்டும். கேட்காமலும் போகலாம், அப்போது வேறு மாத்திரை இருக்கிறது. மாத்திரையோடு நீ பேசவும் வேண்டும், கொக்கைப் பற்றி நிறையப் பேச வேண்டும் என்றார். திங்கட்கிழமை நீ உன் முதல் மாத்திரையைப் போட்டுக்கொண்டாய் என்றும் சொன்னார். போனை வைத்துவிட்டு நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

புதன்கிழமை காலையில் வேன் அம்மாவை, கொக்கின் அம்மாவைப் போய்ப் பார்த்தேன். உனக்குத்தான் தெரியுமே, மகள் போன பிறகும் அவர் ஒரு வாரத்தில் மறுபடி வேன் ஓட்ட வந்துவிட்டார். அப்போது நான் என்ன செய்தேன்? அவரைப் பார்த்தால் உனக்கு ஞாபகம் வரும் என்று சொல்லி உன்னை வேனிலிருந்து நிறுத்தி, பஸ்ஸில் அனுப்பினேன். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தெருவில் அந்த மஞ்சள் வேனைக் கண்டால் சந்துக்குள் திரும்பிவிடுவேன்.

பள்ளிக்கூட மைதானத்துக்குப் பின்னால் வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் குழாயை மூடவில்லை. நான் பத்தடி தள்ளி நின்று, உன்னைப் பற்றியும் நான் செய்ததைப் பற்றியும் சொல்லி முடித்தேன். உன்னிடமிருந்துதான் அவளுக்குக் காய்ச்சல் ஒட்டியது என்று நீ நினைத்துக்கொண்டிருப்பதைச் சொன்னபோதுதான் குழாயை மூடினார்.

“அவகிட்டருந்து வந்துச்சுன்னு யார் சொன்னா?” என்றார். “என் பொண்ணுக்குச் சின்ன வயசுலருந்தே காதுல சீழ். அது உள்ளுக்குள்ளயே மூளைக்குப் பரவிடுச்சுன்னு டாக்டர் சொன்னார். நண்டுக்கு வந்தது வெறும் சளிக் காய்ச்சல். ரெண்டுக்கும் சம்பந்தமே இல்ல. வலிக்குதுன்னு கொக்கு ரெண்டு மாசமா சொல்லிட்டிருந்தா. சொட்டு மருந்து விட்டா போயிடும்னு நான்தான் விட்டுட்டேன்.”

அவரும் ஒரு தாய்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் கையைப் பிடிக்கப் போனேன். கையைக் கொடுக்கவில்லை. “அவளுக்காக அழ என்னைத் தவிர ஒருத்தி இருந்தா. அவளையும் நீங்க கூட்டிட்டுப் போயிட்டீங்க. எனக்குப் பின்னாடி சீட்டுல இப்ப ரெண்டு இடம் காலி” என்றார். நான் வாங்கிக்கொண்டேன். வாங்க வேண்டியதுதான்.

போகும்போது என்னை நிறுத்தி, வேனுக்குள்ளிருந்து ஓர் உறையை எடுத்தார். ஆஸ்பத்திரி கொடுத்த காகிதம். அதை எப்போதும் வண்டியிலேயே வைத்திருக்கிறார். நகல் எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுங்கள் என்றார். நகலை இதோடு வைத்திருக்கிறேன். காது என்று எழுதியிருக்கிற வரியை அவர்தான் பேனாவால் கோடிட்டார். அம்மா சொன்னாள் என்று நம்ப வேண்டாம், டாக்டரம்மாவிடம் காட்டிக் கேட்டுக்கொள். நீ அனுமதித்தால் உன்னைப் பார்க்க வருவேன் என்றும் சொல்லச் சொன்னார். அனுமதிப்பதும் மறுப்பதும் உன் இஷ்டம். அப்பாவிடம் சொல்லி அனுப்பு.

மூன்றாம் மாடி டீச்சரிடம் நேற்று உண்மையைச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். பிறகு நிறுத்திக்கொண்டேன். வெட்கத்தால் இல்லை. அது உன் விஷயம், உன்னைக் கேட்காமல் மறைத்ததும் தப்பு, உன்னைக் கேட்காமல் சொல்வதும் தப்பு. “சித்தி வீட்டுல இல்ல டீச்சர். எங்கேன்னு அவ வந்து சொல்லுவா, இஷ்டமிருந்தா” என்று மட்டும் சொன்னேன். அவர் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். பள்ளிக்கூடத்துக்கு என்ன எழுத வேண்டும் என்பதை நீ சொல், அப்படியே எழுதுகிறேன்.

கடையில் முதலாளியிடம், யாருக்கு என்று சொல்லாமல், நான் மருந்தை மாற்றிக் கொடுத்ததை மட்டும் சொல்லிவிட்டேன். அவர் என்னைக் கவுண்டரிலிருந்து எடுத்து, கொஞ்ச நாள் பின்னால் சரக்குப் பிரிக்கச் சொல்லியிருக்கிறார். சரியென்றேன். வருகிறவர்கள் என் முகத்தை நம்பி மருந்து வாங்குகிறார்கள், அது எனக்கே இப்போது கூச்சமாக இருக்கிறது.

அப்பா உனக்குப் புதுச் செருப்பு வாங்கி வைத்திருக்கிறார். அளவு சரியா என்று போட்டுப் பார். இன்று காலை அவராகவே எனக்கும் சேர்த்து டீ போட்டார். பேசவில்லை.

வேறு என்ன எழுத? தலைமுடியைப் பின்னிக்கொள். வெயில் படும்படி கொஞ்ச நேரம் நட. கொக்கை நினைத்து எத்தனை நாள் அழ வேண்டுமோ அத்தனை நாள் அழு, யாரும் போர்வையை இழுக்கமாட்டார்கள். என்னைத் திட்ட வேண்டும் போலிருந்தால் திட்டி எழுது, எத்தனை பக்கமானாலும் படிப்பேன். நீ நூறு வயது இருக்க வேண்டும். ஒரே ஒரு பிரார்த்தனை, உன்னிடம்தான். இனிமேல் யார் மாத்திரை கொடுத்தாலும் அட்டையை வாங்கி, பெயரைப் படித்துப் பார்த்து, நீயே பிரித்து விழுங்கு. வீட்டுக்கு வந்த பிறகும் அப்படியே செய். நான் கொடுத்தாலும்.

உன்
அம்மா